இரைச்சலின் வம்சாவளி: மாதங்கி அருள்பிரகாசத்தின் இசை குறித்துச் சில வாசிப்புகள்

எந்த ஒலியை இசை என்று ஒழுங்குபடுத்தி உள்ளே எடுத்துக்கொள்வது, எதை இரைச்சல் என்று வெளியே தள்ளுவது என்பது அதிகாரத்தின் வேலை என்று ழாக் அத்தாலி 1977இல் எழுதினார். நம்மூரில் இதைத் தெரிந்துகொள்ள பிரெஞ்சுக்காரர் யாரும் வரவேண்டியதில்லை. பறை என்ற சொல்லுக்குத் தமிழில் கருவி என்றும் பொருள், சொல்லுதல் என்றும் பொருள். மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவதற்குப் 'பறய'ணும். பேச்சாக இருந்த ஒன்று 'கொட்டு' ஆகி, 'சத்தம்' ஆகி, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டதன் பின்னால் இருப்பது காதின் ருசி இல்லை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் விளக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. இலக்கியப் பிரதிகளைக் கட்டுடைக்க நாம் காட்டிய உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒலிகள் மேல் காட்டியதில்லை. சிறுபத்திரிகைக்காரனுக்கு இசை என்றால் ஒன்று இளையராஜா, இல்லாவிட்டால் சபா. மிச்சமிருக்கிற நாட்டார் இசை பல்கலைக்கழக ஆய்வேட்டுக்கான தரவு. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம் அதுபாட்டுக்குக் கிடக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள்தான் உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்திருக்கிற மாதங்கி அருள்பிரகாசம் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாக மேற்கத்திய இசை விமர்சகர்கள் அவரைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள். தமிழில் உருப்படியாக நான் வாசித்தது சொற்பம். ஈழ ஆதரவாளர்கள் அவரை 'உலக அரங்கில் நம் பிள்ளை' என்று கொண்டாடினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். இசையைக் கேட்டவர்கள் குறைவு.

என் நண்பர் ஒருவருக்கு, வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் அத்துப்படியானவர், இவருடைய 2010ஆம் வருஷத் தொகுப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொண்டு, "என்னவே இது, பக்கத்து வீட்ல டைல்ஸ் அறுக்குத மாதிரில்லா இருக்கு" என்றார். சரியான விமர்சனம்தான். அந்தப் பாட்டில் டிரில்லிங் மிஷின் ஓசைதான் தாளமாகப் போடப்பட்டிருக்கிறது. அறுப்பது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்ல முடியாத வாழ்க்கை அது. 1975 ஜூலையில் லண்டனில் பிறப்பு. அப்பா அருள்பிரகாசம் என்கிற அருளர், அதே வருஷம் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் தொடக்கக்காரர்களில் ஒருவர். நம் வாசகர்களுக்கு அவர் வேறொரு வகையில் தெரிந்தவர். 1977 வன்முறைக்குப் பிறகு கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலை வைத்து எழுதப்பட்ட 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியர். ஈழப் போராட்ட இலக்கியம் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுகிற புத்தகம். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல அவரைப் புலிகள் இயக்கத்தவர் என்றே எழுதித் தீர்த்தன. இயக்கங்களுக்கிடையே உள்ள வேறுபாடு அவர்களுக்கு எதற்கு? தமிழன், துப்பாக்கி, புலி. முடிந்தது கதை.

குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணம் வந்தது. அப்பா தலைமறைவு. வீட்டுக்கு எப்போதாவது வந்துபோகிற அந்த ஆளைப் பிள்ளைகளிடம் மாமா என்றே சொல்லி வைத்திருந்தார்கள். இடையில் கொஞ்சகாலம் சென்னை வாசம், வறுமை, மறுபடி யாழ்ப்பாணம். 1986இல் அம்மா காலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். மாதங்கி செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் 2000இல் வந்த தங்கள் தொகுப்பின் அட்டையை வரையச் சொன்னார், சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கவும் கூட்டிப்போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற கலைஞர் ரோலண்ட் எம்சி-505 என்ற சின்னத் தாளப்பெட்டியைக் காட்டிக்கொடுத்தார். சங்கீதம் படிக்காத, வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாத ஓர் ஓவியர் அந்தப் பெட்டியின் பொத்தான்களைத் தட்டிப் பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

இது முக்கியமான தகவல். அச்சுத்தகட்டை வெட்டி, அதன் மேல் ஸ்ப்ரே அடித்து, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பச் சுவரில் பதிக்கும் ஸ்டென்சில் ஓவியம்தான் அவருடைய முதல் ஊடகம். 2001இல் வைத்த கண்காட்சியில் புலி, துப்பாக்கி, பனைமரம் எல்லாம் பளபளக்கும் நிறங்களில் அடுக்கடுக்காக நின்றன. அவருடைய பாட்டும் அதே முறைதான். ஓர் ஒலியை வெட்டி எடுப்பது, திரும்பத் திரும்பப் பதிப்பது, அதன் மேல் இன்னொன்றை அடிப்பது. சாம்ப்ளிங் என்று இதற்குப் பெயர். ஏற்கெனவே பதிவான ஒரு பாட்டின் துண்டை அறுத்து எடுத்து உங்கள் பாட்டின் செங்கல்லாக வைப்பது. லெவி-ஸ்ட்ராஸ் சொன்ன 'பிரிகொலர்' நினைவுக்கு வரலாம்: பொறியாளனைப் போலத் திட்டம்போட்டுப் பொருள் வரவழைக்காமல், கையில் அகப்பட்ட பழைய சாமான்களை வைத்தே காரியத்தை முடிக்கிற ஆள். அகதிக்கு வேறு வழியும் இல்லை.

தொகுப்புகளின் பெயர்களைப் பாருங்கள். 2005இல் 'அருளர்': அப்பா. 2007இல் 'காலா': அம்மா. 2010இல் 'மாயா': வீட்டில் கூப்பிடும் பெயர். 2013இல் 'மாதங்கி': பிறந்தபோது வைத்த பெயர், தேவியின் பெயரும்கூட. 2016இல் 'எய்ம்': மேடைப்பெயரைத் திருப்பிப் போட்டால் வருவது. 2022இல் 'மாதா'. ஒரு குடும்ப அட்டையையே வெளியிட்டு முடித்துவிட்டார். மேடைப்பெயரோ போரில் 'களத்தில் காணாமல் போனவர்' என்பதற்கான ராணுவச் சுருக்கெழுத்து. லண்டனில் ஆக்டன் என்ற பகுதியில் இருந்தபோது அந்தப் பெயரையும் சேர்த்து வைத்த சிலேடை. ஆனால் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவில் உட்கார்ந்த பிறகு அந்த மூன்றெழுத்தைச் சிலேடையாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. ஒரு குறிப்பான் தன் ஆசிரியரின் நோக்கத்தைத் தாண்டிப் போய்விட்ட இடம் இது.

முதல் தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எலும்பும் தோலுமான தாளம், கத்தலான குரல், ஜமைக்கா நடனக்கூடச் சாயல். அதில் ஒரு பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வந்ததால் மாற்றாமல் ஒளிபரப்ப எம்டிவி சம்மதிக்கவில்லை. என் பார்வையில் அவருடைய சாதனை 'காலா'தான். அதில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

2006இல் அமெரிக்கா விசா மறுத்தது. அங்கே போய்ப் பேர்போன தயாரிப்பாளர்களோடு ஒலிப்பதிவு செய்வதாக இருந்த திட்டம் போயிற்று. அவர் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, போன இடத்தில் கிடைத்ததைப் பதிவு செய்தார். குடிவரவு அலுவலகத்தின் மறுப்பு ஓர் இசைவடிவத்தையே உண்டாக்கியது. சென்னைக்கு வந்தவர் ஓர் உறுமிக் கூட்டத்தை ஸ்டூடியோவுக்குள் கூட்டிவந்து அடிக்க வைத்தார்.

உறுமி நம் பக்கத்துக் கொடைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்த கருவி. நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பையோடு அது இருக்கும். இடை சுருங்கிய, இருபக்கம் தோல் போர்த்த வாத்தியம். ஒரு பக்கத்தை அடிப்பார்கள். இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழுகிற 'உம்ம்ம்' என்ற ஓசைக்கு நிலையான சுரம் கிடையாது. கீழிருந்து மேலே வழுக்கும், மறுபடி சரியும். அதனால்தான் கச்சேரி மேடையின் சுரக் கணக்குக்குள் அது அடங்கவில்லை. மிருகத்தின் பெயரைத்தான் வினையாக அதற்குக் கொடுத்தோம்: உறுமுகிறது. இப்போது லண்டன் நடனக்கூடங்களின் எலக்ட்ரானிக் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடியாழத்தில் ஓடுகிற பேஸ் ஒலியும் இதேமாதிரி வழுக்குகிற ஒலிதான், வயிற்றில் போய் உட்காருவது. 'பாய்ஸ்' என்ற பாட்டில் இந்த இரண்டும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்கின்றன. எது தோல், எது மின்சாரம் என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஃப்யூஷன் என்ற பெயரில் நடக்கிற சமரசம் போல, கிடாரை ஒருபக்கமும் மிருதங்கத்தை ஒருபக்கமும் உட்கார வைத்து மாறிமாறி வணக்கம் சொல்ல வைப்பது இதில் இல்லை. ஒலியின் பௌதிகத்திலேயே உள்ள உறவைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் பாட்டின் வீடியோவில் ஜமைக்காப் பையன்கள் ஆடுகிறார்கள். நம் உறுமிக்குக் கிங்ஸ்டனில் கால்கள் கிடைத்துவிட்டன.

'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் இன்னும் சிக்கலான காரியம். கோழிகள் கொக்கரிக்கின்றன, பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், ஊடே 2003இல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டுத் துண்டு ஓடுகிறது. 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டுத் துண்டு. 'ஜிம்மி'யோ 1982இன் 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் பாட்டை அப்படியே மறுபடி பாடியது. நாட்டார் இசைத் தூய்மைவாதிகள் இங்கே முகம் சுளிப்பார்கள்: 'கொடைக்குப் போய்ப் பதிவு செய்யாமல் சினிமாவில் வந்த போலித் திருவிழாவை எடுத்தாளுகிறாரே?' திருவிழாவின் நகலான சினிமா, அதன் நகலான சாம்ப்ளிங். போத்ரியார் படித்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் லண்டன் அகதிக் குடியிருப்பில் வளர்கிற பிள்ளைக்கு ஊர்த் திருவிழா எந்த வழியாக வந்து சேர்ந்திருக்கும்? வீடியோ கேசட் வழியாக. அவளுக்கு சினிமாதான் ஊர். மூலம் என்று நாம் நினைப்பதை இழந்தவர்களின் ஆவணக் காப்பகம் நகல்களால் ஆனது. அந்த நகலை மறைக்காமல், வெட்டு விளிம்பு தெரியும்படி வைத்திருப்பதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது.

இதே தொகுப்பின் 'பேப்பர் பிளேன்ஸ்' உலகப் பிரசித்தம். 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 4ஆம் இடம் வரை போனது. பல்லவியில் சொற்கள் பாதி, துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் மணியும் மீதி. குடியேறிகளைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு உள்ள பயத்தை அவன் முகத்துக்கே கோமாளித்தனமாக நடித்துக் காட்டுகிற பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் பாடியபோது துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். இதன் அடியில் ஓடுவது த கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் 1982ஆம் வருஷப் பாட்டின் துண்டு.

இங்கேதான் எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் ஆசிரியர் வரிசையில் கிளாஷ் குழுவின் நால்வரும் இருக்கிறார்கள். உரிமைத்தொகையில் பங்கு உண்டு. நியாயம். 'பாய்ஸ்' பாட்டுக்கு எழுதியவர்கள் என்று பதிவாகியிருப்பது இரண்டு பெயர்: அவருடையது, ஸ்விட்ச் என்கிற டேவ் டெய்லருடையது. அந்தப் பாட்டைப் பாட்டாக்குகிற உறுமிக்காரர்கள் ஆசிரியர்கள் ஆகவில்லை. இதை அவருடைய தனிப்பட்ட துரோகமாக நான் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் கட்டமைப்பே அப்படி. சொல்லும் மெட்டும் 'படைப்பு', தாளம் 'உழைப்பு'. மெட்டை எழுதியவன் ஆசிரியன், கொட்டு அடித்தவன் கூலி. இந்தப் பாகுபாடு நமக்கு எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதல்லவா? கோயிலுக்குள்ளே யார், வாசலில் யார் என்று முடிவு செய்த அதே தர்க்கம் லண்டன் ஒப்பந்தத்தாளில் ஆங்கிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த்தைப் படித்துவிட்டு நாமும் நிறைய எழுதியாயிற்று. ஆசிரியராக ஒருபோதும் பதிவு பெறாதவர்களுக்கு அந்த மரணச் செய்தியால் என்ன பிரயோஜனம் என்பதை இன்னும் எழுதவில்லை.

இதே கத்தி அவர்மேலும் பாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தொகுப்பின் மூளை டிப்லோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்தான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. கறுத்த பெண்ணுக்குக் குரல் இருக்கலாம், கருத்து இருக்கலாம், பாட்டைக் கட்டும் மூளை மட்டும் பக்கத்தில் நிற்கிற வெள்ளை ஆணுடையதாகத்தான் இருக்கவேண்டும். 2007இல் ஒரு நேர்காணலில் அவர் இதைப் போட்டு உடைத்தார்.

பிறகு 2009. ஜனவரியிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னியில் நடப்பது இனப்படுகொலை என்று சொன்னார். பிப்ரவரி 8ஆம் தேதி, நிறைமாதக் கர்ப்பிணியாக, வயிறு தெரியும் உடையில் கிராமி விழா மேடையில் பாடினார். மூன்று நாளில் பிள்ளை பிறந்தது. ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டுக்காக அதே பருவத்தில் ஆஸ்கர் பரிந்துரையும் இருந்தது. அந்த மாதங்களில் உலகப் புகழின் உச்சியில் ஒரு தமிழச்சி நின்று கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் முள்ளிவாய்க்கால்.

2010இன் 'மாயா' இதற்குப் பிறகு வருகிற தொகுப்பு என்பதை மறந்துவிட்டுக் கேட்டால் டைல்ஸ் அறுக்கிற சத்தம்தான் கேட்கும். முன்பு இருந்த கொண்டாட்டம் இதில் இல்லை. ஒலிகள் கிழிந்து, அளவுக்கு மீறி ஏற்றப்பட்டு, உடைந்து வருகின்றன. 'பார்ன் ஃப்ரீ' பாட்டின் அடியில் சூஸைட் என்ற நியூயார்க் குழுவின் 1977ஆம் வருஷப் பதிவு அலறுகிறது. ரொமான் காவ்ராஸ் எடுத்த அதன் வீடியோவில் செம்பட்டை முடி உள்ளவர்களைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் பிடித்து, வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கொல்கிறார்கள். ஒரு சிறுவனை நெற்றியில் சுடுகிறார்கள். யூட்யூப் அதை முடக்கியது. எட்டு மாதம் முந்தி, 2009 ஆகஸ்டில், கைகள் பின்னால் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்கள் சுடப்படும் உண்மைக் காட்சியைப் பிரிட்டனின் சானல் 4 ஒளிபரப்பியிருந்தது. நடிகர்களை வைத்து எடுத்த பொய்ச் சாவுக்கு எழுந்த கூக்குரலில் பாதிகூட மெய்ச் சாவுக்கு எழவில்லை. வெள்ளைத்தோலும் செம்பட்டை முடியும் இருந்தால்தான் அது 'வன்முறை'யாகப் பதிவாகிறது என்பதை வீடியோ நிரூபித்துவிட்டது.

இரைச்சலைக் கலைவடிவமாகச் செய்வது புதிதல்ல. இத்தாலியில் ருஸ்ஸோலோ 1913லேயே இரைச்சலின் கலை என்று அறிக்கை விட்டார். ஜப்பானில் மசாமி அகிதா 1979இல் தொடங்கிய மெர்ஸ்போ, கெய்ஜி ஹைனோவின் ஃபுஷித்சுஷா போன்றவர்களிடம் ராக் இசை தாளமும் மெட்டும் உதிர்ந்து சுத்த ஒலிச்சுவராக நின்றது. அவற்றைக் கேட்பது ஒரு தவம்மாதிரி. தனி உடல் ஒன்று ஒலிக்கு முன்னால் தன்னைக் கரைத்துக்கொள்வது. மாதங்கியின் இரைச்சல் அந்த வகை இல்லை. அது எப்போதும் எங்கிருந்தோ வருகிற சத்தம்: துப்பாக்கி, டிரில், கல்லாப்பெட்டி, விசைப்பலகை, கோழி. ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. 'மாயா'வின் தொடக்கத்தில், ஒரு நிமிஷம்கூட வராத துண்டில், தட்டச்சு ஓசைக்கு நடுவே நம் கருவிகள் தேடுபொறிகளோடும் அவை அரசாங்கத்தோடும் கோர்க்கப்பட்டிருப்பதை எலும்புக்கூட்டுப் பாட்டு பாணியில் சொல்கிறார். அன்றைக்கு விமர்சகர்கள் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தார்கள். 2013இல் ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்டார்.

அதே 2010இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் வந்த நீண்ட கட்டுரை, இவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டே போராட்டம் பேசுகிறார் என்று கிண்டல் செய்தது. அதை வாங்கச் சொன்னதே பேட்டி எடுத்தவர்தான் என்று காட்டும் ஒலிப்பதிவை இவர் வெளியிட்டார். ஏழைகளைப் பற்றிப் பேசுகிறவன் ஏழையாகவே இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் தோழர்களிடமும் உண்டு. 2012இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியில் மடோனாவோடு பாடியபோது நடுவிரலைக் காட்டியதற்குக் கால்பந்து அமைப்பு பெருந்தொகை கேட்டு வழக்காடியதும், 2014இல் அது சமரசத்தில் முடிந்ததும் தனிக்கதை.

பிந்திய தொகுப்புகளில் வேகம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. 2015இன் 'பார்டர்ஸ்' வீடியோ மட்டும் விதிவிலக்கு. அகதி ஆண்கள் முள்வேலியில் ஏறித் தொற்றி எழுத்து வடிவமாகி நிற்கிறார்கள். கடல்மேல் உடல்களாலேயே ஒரு படகு. இயக்கியவர் அவரே.

அரசியலில் அவரை நம் சட்டகத்துக்குள் அடைக்க முடியாது. 2020 ஜனவரியில் பிரிட்டிஷ் அரண்மனைக்குப் போய் எம்.பி.ஈ. பட்டம் வாங்கிக்கொண்டார். அந்தப் பதக்கத்துக்கான நாடாவைப் பல வருஷம் கையால் தைத்தவர்களில் தன் அம்மாவும் ஒருவர் என்று காரணம் சொன்னார். தைத்தவள் மகள் அதைக் குத்திக்கொள்வதை வெற்றி என்பதா, விழுங்கப்படுதல் என்பதா? இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். அதே வருஷம் தடுப்பூசிக்கு எதிராகப் பேசினார். அது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. இயேசு தனக்குக் காட்சி தந்ததாக 2022இல் சொன்னபோது நம் முற்போக்காளர்கள் சிலர் அதிர்ந்தார்கள். இரேனியஸ் வந்து இறங்கிய பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு தமிழச்சி கிறிஸ்தவரானதற்கு அதிர்ச்சி அடைவது கொஞ்சம் வேடிக்கைதான்.

தமிழ் இசையா இது என்ற கேள்வி வரும். வரிகள் ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலம். குரல் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில், சந்தையில் கூவி விற்கிற தொனியில் நிற்கிறது. சுரசுத்தம் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மொழியை மட்டுமே தமிழின் அடையாளமாக வைத்துக் கட்டிய நம் அரசியலுக்கு, சொல் இல்லாமல் தோலும் குச்சியும் கொண்டு வருகிற தமிழை என்ன செய்வதென்று தெரியவில்லை. நம் கணியான் கூத்தின் உச்ச மகுடமும் மந்த மகுடமும்கூட இதே கேள்வியைத்தான் சுடலை கோயில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கேட்க விரும்புகிற நண்பர்கள் 'காலா'வில் தொடங்குங்கள், அதற்குப் பிறகு 'மாயா'வுக்குப் போங்கள். ஸ்டீவ் லவ்ரிட்ஜ் 2018இல் எடுத்த ஆவணப்படத்தில் அவரே இளமையில் பிடித்த வீட்டுப் படச்சுருள்கள் நிறைய இருக்கின்றன. உறவினர்கள் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழுக்காகவே பார்க்கலாம். ஒன்று மட்டும்: செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். உறுமியின் தேய்ப்பு அதில் விழாது.